மதிலில் முளைத்த ஆல்

வலிகாமம் வடக்கில் 1990இல் சனங்கள் விட்டுப்போன வளவுகள், யுத்தம் முடிந்தபின் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் பல இடங்களில் கண்டது, கூரையில்லாத சுவர்களையும் அவற்றின்மேல் ஏறி நின்ற ஆலையும் அரசையும்தான். சில மரங்கள் சுவரைப் பிளந்து, வேரை நிலத்தில் இறக்கி, வீட்டையே விழுங்கியிருந்தன. அதே வளவின் கிணற்றுக் கட்டிலோ மதில் உச்சியிலோ இன்னொரு ஆல் நின்றிருக்கும். முழங்கால் உயரம்தான். ஆனால் தண்டு மணிக்கட்டு மொத்தம், பட்டை கிழட்டுப் பட்டை, இலையோ உள்ளங்கையிலும் சிறிது. வயதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திராது.

போன்சாய் வளர்க்க ஆசைப்படும் யாழ்ப்பாணத்தார் முதலில் படிக்க வேண்டியது இந்தக் குள்ள ஆலைத்தான் என்பது என் எண்ணம். யப்பானியப் படப் புத்தகங்கள் பிறகு வரட்டும்.

ஆலின் விதை கடுகிலும் சிறியது. குயிலோ மைனாவோ பழத்தைத் தின்று மதிலில் எச்சமிட, விதை வெடிப்பில் தங்கி மாரியில் முளைக்கிறது. வேர் சுவரோடு இறங்கி மண்ணைத் தொட்டுவிட்டால் அதன்பிறகு அது மரம்தான், யாராலும் மறிக்க முடியாது. மண்ணைத் தொட முடியாத கன்றுக்கு, வெடிப்பிலுள்ள ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூசியும் மழை விட்டுப்போன ஈரமுமே முழுச் சொத்து. அந்தச் சொத்துக்குள் வாழப் பழகிய மரம்தான் போன்சாய். மதிலில் அதைத் தற்செயல் செய்கிறது. சாடியில் மனிதன் செய்கிறான்.

வேருக்கு இடம் சுருங்கினால் மரம் ஏன் சுருங்க வேண்டும்? தண்ணீரும் உரமும் குறைவதால் என்று சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். ஜேர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹென்றிக் பூர்ற்றரும் சகாக்களும் 2012இல் சாடிச் செடிகள் பற்றிய 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சாடியின் கொள்ளளவு இரட்டித்தபோது செடியின் நிறை சராசரியாக 43 வீதம் கூடியிருந்தது. சிறிய சாடியில் இலைகள் குறைவது மட்டுமல்ல, இருக்கும் இலையின் ஒவ்வொரு சதுர அங்குலமும் செய்யும் ஒளித்தொகுப்பே குறைந்துவிடுகிறது. காந்தப் பரிவுப் படங்கள் எடுத்துப் பார்த்தபோது வேர்களில் பெரும்பகுதி சாடியின் ஓரத்தை நோக்கி ஓடி அங்கேயே நெருங்கிக் கிடந்தது. வேர் சுவரில் முட்டும்போது, மேலே இலைக்கும் அரும்புக்கும் போகும் ஓமோன் செய்தி மாறுகிறது. வேர்நுனியில் உண்டாகும் சைற்றோகைனின் குறைகிறது. இலைவாய்கள் சிக்கனமாகத் திறக்கின்றன. மரம் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது.

பரம்பரையலகில் எதுவும் மாறுவதில்லை. நாற்பது வருடம் சாடியிலிருந்த ஆலைத் தூக்கி வளவில் நட்டால் அது விழுதுவிட்டு மதிலைத் தள்ளும். அதன் கிளையொன்றை வெட்டி நட்டாலும் அப்படியே. ‘மரத்தைச் சித்திரவதை செய்கிறார்கள்’ என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சித்திரவதைப்படும் மரம் சாகும். வாசிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் 1625 முதல் சாடியில் பேணப்பட்டுவரும் வெண் பைன் மரம் ஒன்று இருக்கிறது. ஹிரோஷிமாவில் 1945இல் குண்டு விழுந்தபோது, அது வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீற்றர் தூரத்தில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில், மதிலின் மறைவில் அந்த மரம் நின்றது. 1976இல் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த மசாரு யமாகி இந்தக் கதையைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 2001இல் பேரப்பிள்ளைகள் மரத்தைப் பார்க்கப் போனபோதுதான் பூங்காக்காரர்களுக்கே விசயம் தெரியவந்தது.

கலை யப்பானில் பெயர்பெற்றாலும் அதன் வேர் சீனாவில். 706இல் கட்டப்பட்ட இளவரசர் ஷாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், சிறு மரமும் கல்லும் வைத்த தட்டை ஏந்திய பணியாளரின் ஓவியம் உண்டு. வரலாறு இவ்வளவு போதும். நாங்கள் எங்கள் வளவுக்கு வருவோம்.

புதிதாகத் தொடங்குபவர் செய்யும் முதல் காரியம், படத்தில் கண்ட ஜூனிப்பர் கன்றைத் தேடி வாங்குவது. அது குளிர்காலத்தில் ஓய்ந்து பழகிய ஊசியிலை மரம். எங்கள் மார்கழி இரவுகூட அதற்கு ஓய்வு தராது. வருடம் முழுவதும் வேலை செய்து களைத்து அது மடியும். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. ஜூனிப்பர் செத்த பிறகும் கிழமைக் கணக்கில் பச்சையாகவே நிற்கும். வளர்ப்பவர் பிணத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். குடாநாட்டுக்கு ஊசியிலை வேண்டாம்.

அப்படியென்றால் எங்கள் பனை? இந்தக் கேள்வியைக் கேட்காத யாழ்ப்பாணத்தார் இல்லை. பனையைப் போன்சாயாக்க முடியாது. காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. ஆல், புளி, வேம்பு போன்ற இருவித்திலை மரங்களில் பட்டைக்கு உட்புறமாக மாறிழையம் என்ற மெல்லிய கலப் படை இருக்கிறது. அது வருடாவருடம் உள்ளே புதுக் காழையும் வெளியே புது உரியத்தையும் அடுக்குவதால் தண்டு பருக்கிறது, வெட்டுக்காயம் மூடுகிறது, வளைத்த கிளை வளைந்தபடியே நிலைக்கிறது. பனை ஒருவித்திலை. அதற்கு மாறிழையமும் இல்லை, கிளைக்கு அரும்பும் இல்லை. உயிரெல்லாம் உச்சிக் குருத்தில். குருத்தை வெட்டினால் மரமே போச்சு. போதாததற்கு, பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே வருவதில்லை. பாத்தி போட்டுக் கிழங்கு கிண்டியவர்களுக்குத் தெரியும்: முளை நிலத்துக்குள் ஆழமாக இறங்கிக் கிழங்காகிய பிறகே ஓலை தலைகாட்டும். இரண்டங்குலச் சாடியில் அது எங்கே இறங்க?

பனையால் முடியாததைக் கதியால் செய்து காட்டும். மாரிக்கு முன் வேலியடைக்க, மணிக்கட்டு மொத்தத்தில் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் வெட்டி நடுகிறோமே, அதுதான். உலகின் போன்சாய்க்காரர்கள் மொத்தத் தண்டுக்காகப் பத்து, பதினைந்து வருடம் காத்திருக்கிறார்கள். எங்கள் வேலிக்காரர் அதை ஒரு கத்திவெட்டில் முடிக்கிறார். வெட்டிய கம்பின் நுனியிலிருந்து ஒட்சின் என்ற ஓமோன் அடிப்பக்கம் இறங்கித் தேங்குகிறது. அங்கே மாறிழையத்தை ஒட்டிய கலங்கள் வேராக மாறுகின்றன. கதியாலைத் தலைகீழாக நடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்: ஒட்சினின் பயணத்துக்குத் திசை உண்டு.

கதியால் மரங்களில் போன்சாய்க்கு வாகானது கிளுவை. கடதாசிபோல் உரியும் பட்டை, சிறிய இலை, காய்ச்சலைத் தாங்கும் உடம்பு. பூவரசின் இலை பெரிது. எவ்வளவு வெட்டினாலும் மரத்துக்கும் இலைக்கும் பொருத்தம் வராது. முள்முருக்கை வேலியோடு விட்டுவிடலாம். விதையிலிருந்து தொடங்கப் பொறுமை இருப்பவருக்குப் புளி நல்லது. சிற்றிலைகள் தாமாகவே சிறியவை, பட்டை சீக்கிரம் வெடித்து முதுமை காட்டும். நெடுந்தீவில், உள்ளே ஆள் புகக்கூடிய பொந்தோடு நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்து மயங்கியவர்கள் அதன் விதையை முளைக்கவைக்கலாம். தண்டில் நீரைச் சேமிக்கும் மரம் அது. தண்ணீர் விட மறப்பவர்களுக்கு ஏற்றது; ஆனால் வெயில் காலத்தில் இலை கொட்டினால் செத்துவிட்டது என்று பிடுங்கி எறியக்கூடாது. தேசியும் மாதுளையும் வைக்கலாம். வெட்டி வளர்ப்பதால் இலை சிறுக்குமே தவிர காய் சிறுக்காது. ஓரடி மரத்தில் முழு மாதுளம்பழம் தொங்குவது அழகா, அவலட்சணமா என்பது அவரவர் ரசனை.

இருந்தாலும் முதல் மரத்துக்கு என் வாக்கு ஆலுக்கும் அரசுக்கும்தான். ஐப்பசி பிறந்து மழை இரண்டு மூன்று பிடித்தபின், ஊறிய மதிலில் உளியால் சாந்தைத் தட்டி, முடிந்த அளவு சல்லிவேரோடு கன்றை எடுங்கள். இலைகளில் பெரும்பகுதியைக் கத்தரித்துவிட வேண்டும். வேர் குறைந்த மரத்தால் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்றிக்கொடுக்க இயலாது. வழியும் பாலைக் கழுவி, மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் வைத்து, மேலே பொலித்தீன் பையால் மூடுங்கள். மாரி வானமும் ஈரக்காற்றும் ஆவியுயிர்ப்பைக் குறைப்பதால், அந்த நாட்களில் வேர் வெட்டப்பட்ட மரம் பிழைப்பது எளிது. வேரே வராமல் அடியோடு முறிந்தாலும் கவலையில்லை. ஆலுக்கு அதுவும் ஒரு கதியால்தான். கோயில் மதிலென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கோட்டைச் சுவர் போன்ற தொல்லியல் இடங்களில் கைவைக்க வேண்டாம்; அது சட்டத்துக்கும் சுவருக்கும் விரோதம்.

பிழைத்த கன்றை உடனே அழகான சிறு தட்டில் வைக்கத் துடிப்பதுதான் தொடக்கக்காரரின் பெரிய அவசரம். தட்டில் ஏறியதும் தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும்; மேலே சொன்ன 43 வீதக் கணக்கை மறக்காதீர்கள். தண்டு பருக்கச் சீனி வேண்டும், சீனிக்கு இலை வேண்டும், இலைக்கு வேர் வேண்டும். முதல் சில வருடங்கள் பெரிய சாடியிலோ வளவு மண்ணிலோ கன்றை விட்டு, அதை நீட்டுக்கு வளரவிட்டு, பிறகு தண்டைக் குட்டையாக வெட்டுவதே முறை. கீழே ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிட்டால் அதற்குக் கீழுள்ள தண்டு சுறுக்காகப் பருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை எடுத்துவிடலாம். இந்தக் காலத்தில் வீட்டுக்கு வருபவர்கள் ‘இது என்ன பற்றையா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

சாடியில் ஏற்றும் நாளில் மண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் பொன். தட்டையான சாடியில் அது சில மாதத்தில் இறுகிவிடும். இதற்குப் பின்னால் சுவையான பௌதிகம் இருக்கிறது. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சைத் தண்ணீரில் தோய்த்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டி முடிந்ததும் நெட்டுக்குத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். நுண்டுளைகளின் இழுவிசை, அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாடி உயரமோ தட்டையோ, அந்த ஈரப் படையின் உயரம் ஒன்றுதான். ஆழமான சாடியில் அது அடியில் ஒரு பங்கு. போன்சாய்த் தட்டில் அதுவே ஏறக்குறைய முழு மண்ணும். வேர் ஒட்சிசன் இல்லாமல் அழுகுவது இப்படித்தான். துகள் பெரிதானால் இழுவிசை குறையும், படை தாழும். ஆகவே நொறுக்கிய ஓடு, செங்கல், பொடிக் கருங்கல் சல்லி ஆகியவற்றைத் தூசி போக அரித்து, பயறளவுத் துண்டுகளாக எடுங்கள். அதில் கொஞ்சம் தும்புத் தூளும் மக்கிய கூட்டெருவும் சேர்த்தால் போதும். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு.

இனித் தண்ணீர். மற்ற ஊர்ப் புத்தகங்களில் இல்லாத அத்தியாயம் இதுதான்.

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கிறது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும்; மற்றப்படி கிணறே கதி. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகி, கல்லை அரித்து, கல்சியம் இருகாபனேற்றைச் சுமந்துகொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் படிவு அதுதான். தோட்டத்தில் மாரி மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும். சாடியில் நீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு மட்டும் தங்கும். ஒரு கணக்குப் போடுவோம். லீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான கடினத்தன்மையுள்ள நீரை நாளுக்கு அரை லீற்றர் விட்டால், வடிந்து போகாதபட்சத்தில் ஒரு வருடத்தில் 55 கிராம் அளவு சேர்ந்துவிடும். இரண்டு லீற்றர் மண்கூடப் பிடிக்காத தட்டுக்கு இது சிறிய தொகையல்ல.

அதன் விளைவு இலையில் தெரியும். மண்ணின் பி.எச். ஒரு புள்ளி ஏறினால் இரும்பு அயனின் கரைதிறன் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. பச்சையம் உண்டாக்க இரும்பு தேவை. மரம் பழைய இலையிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்துப் புது இலைக்கு அனுப்பவும் மாட்டாது. எனவே குருத்திலைகள் முதலில் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதை உரக் குறைவென்று நினைத்து யூரியாவைக் கொட்டுபவர்கள் மரத்தைக் கொல்கிறார்கள். பழைய இலை முதலில் மஞ்சளானால் நைதரசன் குறைவு. புது இலை முதலில் மஞ்சளானால் இரும்பைச் சந்தேகியுங்கள். கரையோரக் கிணறுகளில் உவர் சேர்ந்திருந்தால் அடையாளம் வேறு: இலை விளிம்பு கருகும்.

ஆலும் அரசும் சுண்ணாம்புச் சாந்திலேயே பிறந்தவை என்பதால் இவற்றைப் பெரும்பாலும் தாங்கும். அவற்றைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம். தேசி தாங்காது, விரைவில் மஞ்சளிக்கும். எந்த மரமானாலும், தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போகாமல் அடித்துளையால் நன்றாக வடியும்வரை விடுங்கள். பழைய உப்பு அதோடு போகும். மழைநீர் சேமித்தால் இன்னும் நல்லது. 10 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர். இங்கே ஒரு நல்ல ஐப்பசி மழைக்கே அது கிடைத்துவிடும். பீப்பாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டிக்கொடுக்க வேண்டாம்.

சோளகம் வீசும் மாதங்களில் வெயிலைவிடக் காற்றே எதிரி. ஆழமில்லாத தட்டு ஒரே பகலில் காய்ந்துவிடும். காலையிலும் பின்னேரமும் தண்ணீர், தெற்கு மேற்குப் பக்கங்களில் ஒரு கிடுகு மறைப்பு, கறுப்புப் பிளாஸ்ரிக் சாடிக்குப் பதில் சுடுமண் சாடி. சுடுமண் வியர்த்துக் குளிர்வதால் வேர் வேகாது. வீட்டுக்குள் மேசையில் வைப்பதை மறந்துவிடுங்கள். இவை வெளிமரங்கள், விருந்தாளி வரும் நாளில் ஒருநாள் உள்ளே கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

கத்தரிப்பதன் இரகசியம் உச்சியாட்சி. நுனி அரும்பு இருக்கும்வரை பக்க அரும்புகள் உறங்கும். கென்னெத் தீமனும் ஃபோல்க் ஸ்கூக்கும் 1930களில், நுனியை வெட்டிய அவரையினச் செடியின் வெட்டுவாயில் ஒட்சினை வைத்து, பக்க அரும்புகள் மறுபடி அடங்கியிருப்பதைக் காட்டினார்கள். பல காலம் அதுவே முழு விளக்கமாக இருந்தது. 2014இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் பட்டாணியில் பார்த்தபோது, முதல் சைகை சீனியிலிருந்து வருவது தெரிந்தது. நுனி போனதும் அது தின்றுகொண்டிருந்த சீனி கீழே திரும்புகிறது, அரும்பு விழிக்கிறது. நீங்கள் வைக்கும் கத்தரி மரத்தின் சீனிப் பங்கீட்டை மாற்றுகிறது. எந்தப் பக்கம் கிளை வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கும் இலைக்கு மேலே வெட்டுங்கள். இலைக்காம்பின் கக்கத்தில் இருக்கும் அரும்பே அடுத்த கிளை.

மாசி, பங்குனியில் அரசு தானாகவே இலை கொட்டித் துளிர்க்கும். அந்த நேரம் பார்த்து, நல்ல தெம்பான மரத்தில் மட்டும், காம்பை விட்டு இலைகளை வெட்டிவிட்டால் அடுத்த துளிர் சிறிய இலைகளோடு வரும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. வளைப்பதற்குப் பழைய மின் வயரை உரித்த செப்புக் கம்பி போதும். ஆல் கிளை இரண்டு மூன்று மாதத்தில் படிந்துவிடும். கம்பி பட்டையைக் கடிக்குமுன் வெட்டி எடுங்கள், சுற்றிக் கழற்ற முயன்றால் கிளை முறியும்.

கை கொஞ்சம் தேறியதும் ஓர் ஆசை வரும்: இயற்கை செதுக்கிய மரத்தையே பெயர்த்துக்கொண்டு வந்தால் என்ன? வடக்கின் பவளப் பாறைக் கரைகளில் வளரும் பெம்பிஸ் என்ற உப்புத்தாங்கிப் பற்றை உலகப் போன்சாய்ச் சந்தையில் பெரும் விலைக்குப் போவது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் ஆசை பிடித்தவர்கள் கரைகளை வெறுமையாக்கினார்கள். பிலிப்பைன்சில் காட்டிலிருந்து அதைப் பிடுங்குவது இன்று சட்டவிரோதம். பெயர்த்த பெம்பிசில் பிழைப்பதும் குறைவு. அலை அரிக்கும் எங்கள் கரையை அது பிடித்துக்கொண்டு நிற்கிறது. வன்னிக் காட்டுப் பாலைக்கும் இதே நியாயம்தான். வேலியிலிருந்து கதியால் வெட்டுங்கள், மதிலிலிருந்து ஆலை எடுங்கள். கரையிலும் காட்டிலும் நிற்பவற்றிலிருந்து விதை பொறுக்குவதோடு நின்றுகொள்ளுங்கள்.